உழைச்செல்வார்

நுழையும்முன்

சாலை விபத்தில் காயமுற்ற ஒருவரை மருத்துவமனையில் சேர்த்த பிறகு, காத்திருப்பதைத் தவிரக் குடும்பத்தினருக்கு வேறு வேலை இல்லை என்று பலரும் எண்ணுகின்றனர். உடனிருப்போர் செய்வதும் செய்யாது விடுவதும் நோயாளியின் உடல்நலத்தை நேரடியாகப் பாதிக்கின்றன. அவர்களது பணியின் இயல்பை இப்பாடம் விளக்குகிறது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றையும் எவரும் எளிதில் ஊகித்துவிடலாம். நான்காவதாக வள்ளுவர் சேர்ப்பது உழைச்செல்வானை. 'உழை' என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்திலிருந்து பேணுபவரே உழைச்செல்வார். அப்பணியின் பெரும்பகுதியை இன்று பயிற்சி பெற்ற செவிலியர் ஏற்றுள்ளனர். எஞ்சிய பகுதி குடும்பத்தினரிடமே இருக்கிறது. அரசு மருத்துவமனை வளாகத்து மரத்தடியில் பாய் விரித்து, தூக்குவாளியையும் வெந்நீர்க் குடுவையையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இரவைக் கழிப்போர் வெறும் பார்வையாளர் அல்லர்.

முதல் இரண்டு நாள்கள்

விபத்துச் செய்தி வீட்டை எட்டும்போது பெரும்பாலும் சிகிச்சை தொடங்கியிருக்கும். தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் 108 அவசர ஊர்தி இயங்கிவருகிறது. 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டம், விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. தொடக்கத்தில் அதன் உச்சவரம்பு ஓர் இலட்சம் ரூபாய். பணத்தைத் தேடி ஓடவேண்டிய அந்த வேளையில் குடும்பத்திற்குச் சற்று மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

அவ்வேளையில் அவர்கள் தரக்கூடிய பெரிய உதவி, தகவல். நோயாளிக்கு நீரிழிவு உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எதையேனும் உண்டுவந்தாரா, முன்பு அறுவை சிகிச்சை நடந்துள்ளதா என்பவற்றை நினைவிழந்து கிடப்பவர் சொல்ல இயலாது. வீட்டிலிருந்து எடுத்துவரும் பழைய மருந்துச் சீட்டு ஒன்று, கூடத்தில் கூடி அழும் இருபது உறவினரைவிடப் பயனுடையது.

தலைக்காயம் பட்டவரின் நினைவுநிலையை 'கிளாஸ்கோ அளவுகோல்' கொண்டு மருத்துவர்கள் மதிப்பிடுகின்றனர். கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் ஆகிய இருவரும் 1974இல் இதனை வெளியிட்டனர். கண்திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என உயர்ந்த அளவு 15. தாழ்ந்த அளவு 3. எட்டும் அதற்குக் கீழும் ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும். 'எப்போது கண் விழிப்பார்?' என்னும் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காத நாள்களில், ஆறு ஏழாகவும் ஏழு ஒன்பதாகவும் மாறுவதைக் கேட்டறியும் தாய்க்கு அவ்வெண்கள் ஒரு பிடிமானம். அந்த எண் ஒருநாள் குறையவும் கூடும் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

அன்பு தவறும் இடங்கள்

உடனிருப்போரின் பணியில் மிகக் கடினமானது, அன்பின் மிகுதியால் நேரும் பிழையைத் தவிர்ப்பதாகும். அரைமயக்கத்தில் இருக்கும் மகனின் உலர்ந்த உதட்டைக் கண்டு மனம் பொறுக்காமல், செவிலியர் அறியாது இரண்டு கரண்டி இளநீரை வாயில் ஊற்றும் தாயின் நோக்கத்தில் குற்றமில்லை. ஆனால், தலைக்காயத்தால் விழுங்கும் திறன் குன்றியவருக்கு அந்நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் தொற்றை உண்டாக்கலாம். மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவதும், அப்போது தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும் இதற்காகவே.

வீங்கிய காலை எண்ணெய் தடவி நீவிவிடுவதும் அத்தகையதே. பல நாள் அசையாது கிடப்பவரின் கால் நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். நீவும்போது அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கினால் உடனே மருத்துவரிடம் சொல்லவேண்டும். பாட்டி சொன்ன பக்குவத்தை அந்நேரம் ஒதுக்கிவைப்பது அவரை அவமதிப்பது ஆகாது.

செய்யத்தக்கவையும் பல உண்டு. எழுந்திருக்க இயலாதவரைச் செவிலியர் காட்டும் முறையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைத்தால் படுக்கைப் புண்ணைப் பெரிதும் தடுக்கலாம். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் தோல் சிவந்துள்ளதா என நாள்தோறும் பார்க்கவேண்டும். இயன்முறை மருத்துவர் கற்பித்தவாறு கைகால்களை மெல்ல மடக்கி நீட்டுவதால் மூட்டுகள் இறுகுவதில்லை. பலநாள் ஒரே ஒழுங்கில் செய்யவேண்டிய சலிப்பூட்டும் வேலைகள் இவை.

பேச்சும் ஒரு பணியே. நினைவற்றவராகத் தோன்றுவோருள் சிலருக்குச் செவிப்புலன் இயங்கிக்கொண்டிருக்கும். ஆதலால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் அருகில் நின்று, தாம் இன்னார் என்றும் இன்று இன்ன நாள் என்றும் தாழ்ந்த குரலில் சொல்லலாம். மருத்துவச் செலவையும் விபத்தில் உடனிருந்தவரின் இறப்பையும் கட்டிலருகில் பேசலாகாது.

விழித்தபின்

மயக்கம் தெளிவதைத் திரைப்படங்கள் ஒரு நொடியில் காட்டிவிடுகின்றன. உண்மையில் அது பல நாள்களில், சிலருக்குப் பல வாரங்களில் நிகழ்வது. விழித்தவர் உறவினரை அடையாளம் காணாதிருக்கலாம், குழாயைப் பிடுங்கலாம், ஒருபோதும் சொல்லாத கடுஞ்சொல்லைத் தந்தையை நோக்கிச் சொல்லலாம். அக்கடுஞ்சொல் காயமுற்ற மூளையின் வெளிப்பாடு. அவருடன் வாதிடாமல், விளக்கொளியையும் இரைச்சலையும் குறைத்து, அறிந்த குரலில் ஓரிரு சொற்களே பேசுவது அவரை அமைதிப்படுத்தும். அவ்வசவைக் கேட்டு வெளியே வந்து அழும் தந்தைக்கு இதனை எடுத்துச்சொல்ல ஒருவர் வேண்டும்.

பேணுவோரும் தளர்வர். பெரும்பாலான குடும்பங்களில் கட்டிலருகே தங்கும் பொறுப்பு மனைவி, தாய், தமக்கை ஆகியோரில் ஒருவரிடமே விடப்படுகிறது. மற்றவர் பழங்களுடன் வந்து திரும்புகின்றனர். இது நீதியன்று, நோயாளிக்கும் நன்றன்று. உறக்கமற்றவர் மருந்து வேளையை மறப்பார். இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர், காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் படி பெறுதல், இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கான சான்றுகளைத் திரட்டுதல் போன்ற வெளிவேலைக்கு ஒருவர் எனப் பகிர்ந்துகொள்ளும் குடும்பம் நெடுநாள் தாக்குப்பிடிக்கும்.

வீடு திரும்பும் நாளில் வலிப்பைத் தடுக்கும் மாத்திரை எழுதித் தரப்பட்டிருந்தால், நோயாளி நலமாகத் தோன்றினாலும் மருத்துவர் சொல்லாமல் அதனை நிறுத்தக்கூடாது. கழிவறைச் சுவரில் பிடிமானக் கம்பியும், வழுக்காத தரைவிரிப்பும், இரவில் அணையாத சிறு விளக்கும் அவர் வருமுன்பே ஆயத்தமாக இருக்கவேண்டும். ஊன்றுகோலுடன் ஏறவேண்டிய வாசற்படியின் உயரத்தையும் யாரேனும் ஒருவர் முன்னதாக அளந்து பார்த்திருக்கவேண்டும்.