வேலியோரப் பிரண்டை: இனங்காணல் முதல் பக்குவம் வரை

ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலைக்கும் கிழக்கே நீளும் சித்தேரி மலைக்கும் இடையில் அமைந்த பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில், வாணியாற்று அணைப் பாசனம் எட்டாத கரட்டு நிலங்களிலும் கல்கட்டுகளிலும் கிளுவை வேலிகளிலும் யாரும் நடாமலேயே ஏறிப் படரும் கொடி பிரண்டை. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த இதற்கு லின்னேயஸ் 1767-இல் சிசஸ் குவாட்ராங்குலாரிஸ் என்னும் தாவரவியல் பெயரை இட்டார். சித்த மருத்துவத்தில் இது வச்சிரவல்லி எனவும் வழங்கும். உணவாகவும் மருந்தாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் இக்கொடியைக் கையாள்வதில் உள்ள பெரிய இடர் அதன் நமைச்சல்தான். தண்டுக்குள் ஊசிமுனை போன்ற கால்சியம் ஆக்சலேட்டுப் படிகங்கள் செறிந்திருப்பதால், வெட்டும் கையிலும் மெல்லும் நாக்கிலும் விழுங்கும் தொண்டையிலும் அவை குத்தி அரிப்பை உண்டாக்குகின்றன. பறிப்பது முதல் அரைப்பது வரையுள்ள படிகள் பெரும்பாலும் இந்த நமைச்சலை அடக்குவதற்காக ஏற்பட்டவை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால், எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கவே கூடாது என்பது செய்பவருக்குத் தானே விளங்கிவிடும்.

இனங்காணலும் பறித்தலும்

நாற்புறமும் விளிம்பு கட்டிய சதைப்பற்றுள்ள பச்சைத் தண்டு, ஒரு சாண் அளவுக்கும் குறைவான இடைவெளியில் சுருங்கிய கணுக்கள், கணுவில் ஒருபுறம் இதய வடிவ இலையும் மறுபுறம் பற்றுக்கம்பியும் (கொடி பிடித்து ஏற உதவும் சுருள் இழை), பட்டாணி அளவில் சிவந்து பழுக்கும் கனி ஆகியவை பிரண்டையின் அடையாளங்கள். கோடையில் இலைகளை உதிர்த்துவிட்டு வெறுந்தண்டாக நிற்கும்போது, அதே கரட்டில் வளரும் சதுரக்கள்ளியோடு இதைக் குழப்பிக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. ஐயம் நீங்க, ஒரு கணுவை ஒடித்துப் பார்ப்பதே போதும்: ஒடித்த இடத்தில் வெள்ளைப் பால் வடிந்தால் அது கள்ளியினம், நச்சுத்தன்மை உடையது, அதைத் தொட்ட கையைக் கண்ணருகே கொண்டுபோகவும் கூடாது, நிறமற்ற வழவழப்பான நீர் கசிந்தால், மற்ற அடையாளங்களும் பொருந்துமாயின், பிரண்டை.

பறிப்பதற்கு ஏற்ற பருவம் மழைக்குப் பின் புதுத்துளிர் ஓடும் காலம். இவ்வட்டாரம் அடங்கிய தருமபுரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளாலும் நீர் கிடைப்பதால் ஆவணி முதல் மார்கழி வரை இளங்கொடிக்குப் பஞ்சமில்லை. கொடியின் நுனியிலிருந்து மூன்று அல்லது நான்கு கணுக்கள் மட்டுமே துவையலுக்கு உகந்தவை. விரலால் வளைத்தவுடன் வெள்ளரிப் பிஞ்சுபோல் ‘சடக்’கென ஒடிய வேண்டும், நார் இழுத்துக்கொண்டு தொங்கினால் அது முற்றல், அதை வேலியிலேயே விட்டுவிடலாம். காலையில் பறித்த தண்டு கூடுதலாகப் புளிப்பதற்கும் காரணம் உண்டு: வறண்ட நிலத்துக்குப் பழகிய இத்தண்டு, நீர் ஆவியாவதைத் தவிர்ப்பதற்காக இரவில் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி அமிலமாகச் சேமித்து, பகலில் அதைச் செலவிடுகிறது.

காப்புக்காட்டு எல்லைக்குள் வனத்துறையின் இசைவின்றி எதையும் பறிப்பது குற்றம் என்பதால், சித்தேரி போன்ற மலைப்பகுதிகளில் சிறுவனப்பொருள் சேகரிக்கும் உரிமை பெற்ற பழங்குடியினர் நீங்கலாக, மற்றவர்கள் வேலியோரக் கொடியோடு நிறைவடைவதே முறை. அதைவிட எளிது, வீட்டிலேயே வளர்ப்பது. இரண்டு மூன்று கணுக்கள் உள்ள, சற்று முற்றிய துண்டை நறுக்கி, வெட்டுவாய் உலரும்வரை ஓரிரு நாள் நிழலில் போட்டுவைத்து, ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு நட்டு, பற்றி ஏற ஒரு கொம்பு ஊன்றினால் போதும். நீர் மிகுந்தால்தான் இது அழுகும், மறந்துவிட்டால் பிழைத்துக்கொள்ளும்.

துவையல்

முதற்படி, இரு கைகளிலும் விரலிடுக்குகள் உட்பட நல்லெண்ணெய் தடவிக்கொள்வது. எண்ணெய்ப் படலம் படிகங்கள் நேரடியாகத் தோலில் ஏறாமல் தடுக்கும். பிறகு கணுக்களையும் இலை, பற்றுக்கம்பிகளையும் கிள்ளி நீக்கி, நான்கு விளிம்புகளிலும் ஓடும் நாரை அவரைக்காய்க்கு உரிப்பதுபோல் மேலிருந்து கீழாக உரித்தெடுத்து, எஞ்சிய தண்டை அரை விரல் நீளத்துக்கு நறுக்க வேண்டும். நறுக்கியவற்றைப் புளித்த மோரிலோ புளிக்கரைசலிலோ சிறிது நேரம் போட்டு அலசி எடுப்பது நல்லது. புளிப்பு நமைச்சலைத் தணிக்கும் என்பது தலைமுறைகள் கண்ட அனுபவம். புளியமரங்கள் மலிந்த இம்மாவட்டத்தில் பிரண்டைக்குத் துணையாகப் புளியே முந்திக்கொண்டதில் வியப்பில்லை.

அடுத்து வதக்குதல். சமையற் குறிப்புகள் பலவும் ‘நன்றாக வதக்கவும்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடும் இந்தப் படிதான் துவையலின் உயிர்நாடி. இரு கைப்பிடி பிரண்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் வேண்டும், குறைத்தால் வதங்காது. அகன்ற சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் துண்டுகளை இட்டுச் சிறுதீயில் கிளறினால், முதலில் நீர்விட்டுக் கொழகொழப்பாகும். இந்நிலையில் வெந்துவிட்டதாக எண்ணி இறக்குவோரின் தொண்டைதான் பின்னர் அரிக்கிறது. மேலும் கிளற, நீர் வற்றி, பச்சை நிறம் மங்கி, மஞ்சள் கலந்த பழுப்பாகி, துண்டுகள் ஏறத்தாழப் பாதியளவுக்குச் சுருங்கி, ஓரங்கள் முறுகி, பச்சை வாடை மறைந்து வறுத்த மணம் எழும். அப்போதுதான் இறக்க வேண்டும்; பத்து நிமிடத்துக்கும் மேலாகலாம்.

தனியாக இரண்டு கரண்டி உளுத்தம்பருப்பைச் சிவக்க வறுத்து, ஐந்தாறு காய்ந்த மிளகாய், நெல்லிக்காயளவு புளி, நான்கு பல் பூண்டு, சிறிது பெருங்காயம் சேர்த்துச் சூடுகாட்டி, முதலில் இவற்றை உப்புடன் கொரகொரப்பாக அரைத்து, பிறகு பிரண்டையைச் சேர்த்து மைய அரைக்க வேண்டும். நீர் தெளித்தால் போதும், ஊற்றக் கூடாது. தேங்காய் சேர்த்தால் சுவை மென்மையாகும், ஆனால் அன்றே தீர்த்துவிட வேண்டும். சேர்க்காவிட்டால் மேலே நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் வைத்திருக்கலாம். சுடுசோற்றைக் காட்டிலும் இவ்வட்டாரத்தின் கேழ்வரகுக் களிக்கே இத்துவையல் பொருத்தம். சுவை அழுத்தமில்லாத களிக்கு இதன் புளிப்பும் காரமும் எடுப்பாக அமைகின்றன. பசியின்மை, செரியாமை ஆகியவற்றுக்கு வாரம் ஒருமுறை உண்பது மரபு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் இதிலுள்ள ஆக்சலேட்டைக் கருதித் தவிர்ப்பதே நலம். கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ண வேண்டாம்.

மிகுதியாகக் கிடைக்கும் காலத்தில், நாருரித்த இளந்தண்டுகளை உப்பிட்ட புளித்த மோரில் இரவு முழுதும் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைத்து, மோர் தீரும்வரை இதையே திரும்பச் செய்தால் வற்றலாகும். எண்ணெயில் பொரித்து உண்ணலாம். உளுந்து அப்பளத்துக்கு மாவு பிசையும்போது பிரண்டைச் சாறு சேர்ப்பதும் பழைய வழக்கமே.

மருந்தாக

எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் பிரண்டையை இடித்து, நல்லெண்ணெயில் வதக்கி, பொறுக்கும் சூட்டில் துணியில் வைத்துக் கட்டுவது நாட்டு வைத்திய முறை. 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் பிரசாத்தும் விலங்குகளில் நடத்திய ஆய்வுகள், பிரண்டைச் சாறு முறிவு கூடுவதை விரைவுபடுத்துவதைக் காட்டின. ஆயினும் விலகிய எலும்பை நேராக்கும் ஆற்றல் எந்தப் பற்றுக்கும் இல்லை. எக்ஸ்ரே எடுத்து எலும்பு முறியவில்லை என உறுதியான பின் சுளுக்கின் வீக்கத்துக்கு இதைக் கட்டுவதில் தவறில்லை, முறிந்த எலும்பின்மேல் முதலில் பிரண்டை கட்டுவது காலத்தை வீணாக்குவதாகும். தோல் சிவந்தாலோ அரித்தாலோ உடனே அவிழ்த்துவிட வேண்டும். உலர்ந்த தண்டுகளை எரித்த சாம்பலை நீரில் கரைத்து, தெளிந்த நீரை வற்றவைத்து எடுக்கும் பிரண்டை உப்பு, அளவறிந்து கொடுக்க வேண்டிய மருந்து. அதைச் சித்த மருத்துவரிடம் விட்டுவிடுவதே சரி.

கறவை மாடு வளர்ப்போருக்கு மற்றொரு பயன் உண்டு. சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாடுகளுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பரவிய மரபுவழி மூலிகை மருத்துவ முறையில், பருவத்துக்கு வந்த முதல் அல்லது இரண்டாம் நாளிலிருந்து, முதல் ஐந்து நாள் நாளொன்றுக்கு ஒரு வெள்ளை முள்ளங்கி, அடுத்த நான்கு நாள் ஒரு சோற்றுக்கற்றாழை மடல், அதற்கடுத்த நான்கு நாள் நான்கு கைப்பிடி முருங்கையிலை, பின்னர் நான்கு நாள் நான்கு கைப்பிடி பிரண்டை, இறுதி நான்கு நாள் மஞ்சளுடன் நான்கு கைப்பிடி கறிவேப்பிலை என வரிசையாக, வெல்லமும் உப்பும் கலந்து கொடுக்கப்படுகிறது. வரிசையை மாற்றாமல், பிரண்டையை அன்றன்று பறித்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, நாளுக்கு ஒரு வேளை கையால் ஊட்ட வேண்டும்.