அப்பாவின் கொப்பிகளும் ஒரு நல்ல உதவியாளும்

கேள்வி: அப்பா எழுதிவைத்த ஊர்க் குறிப்புகள், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதங்கள், அலுவலகக் கடிதங்கள் என்று வீடெல்லாம் காகிதம். செயற்கை நுண்ணறிவு இவற்றைச் சுருக்கி ஒழுங்குபடுத்துமா? – வாசகி, லா ஷப்பல், பாரிஸ்

நிச்சயமாகச் செய்யும், சகோதரி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். கூகுளின் நோட்புக்எல்எம் செயலியில் ஊருக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று, அலுவலகக் கடிதங்களுக்கு ஒன்று எனத் தனித்தனி ஏடு திறவுங்கள். நீங்கள் ஏற்றியவற்றை வைத்தே அது பதில் சொல்லும். பதிலோடு வரும் எண்ணைத் தட்டினால் மூல வரியையே பார்க்கலாம். "சுருக்கித் தா" என்று மட்டும் கேட்காமல், "இந்தப் பிரெஞ்சுக் கடிதப்படி எந்தத் தேதிக்குள் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று தமிழிலேயே கேளுங்கள். அடையாள அட்டை, வங்கி எண்களை மறைத்த பிறகே கடிதங்களைப் படமெடுத்து ஏற்றுங்கள்.

அப்பாவின் கையெழுத்துக்குத்தான் உங்கள் பொறுமை வேண்டும். தமிழ்க் கையெழுத்தைச் செயலி படிக்கும்போது ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் எளிதில் பிழையாகும். அதனால் குறிப்புகளை நீங்களே உரக்க வாசித்து, கைத்தொலைபேசியின் குரல்வழித் தட்டச்சில் எழுத்தாக்கி, திருத்தி ஏற்றுங்கள். வாசிக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள்.

கொப்பிகளை வீசிவிடாதீர்கள். ஈழத்து ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்துக்கு, அப்பாவின் குறிப்புகளைப் பற்றி ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்.