நெஞ்சில் நரம்புக் கட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போகிறார் ஒருவர். எக்ஸ்ரேயில் காசநோய் இல்லை. முதுகெலும்பை ஒட்டி உருண்டையாக ஒரு நிழல் மட்டும் தெரிகிறது. இருமலோ வலியோ கிடையாது. நெஞ்சு நரம்புக் கட்டிகள் பலவும் இப்படித்தான் தற்செயலாக அகப்படுகின்றன. சேதி பரவியதும் ஆளுக்கொரு கதை வந்து சேரும்.

‘கட்டி என்றாலே கேன்சர்தான்.’ பெரியவர்களுக்கு இந்த இடத்தில் வரும் நரம்புக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. நரம்பின் உறையில் மெதுவாக வளரும் ஸ்வானோமாதான் அதிகம். பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தாலும் உடனே கலங்க வேண்டாம். சாதாரண ஸ்வானோமாவும் ஒளிரும். சிறு குழந்தைகள் கதை வேறு. அவர்களுக்கு நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாக இருக்கக்கூடும், தாமதிக்கவே கூடாது.

‘கத்தி பட்டால் பரவிவிடும்.’ எத்தனை பேரை இந்த ஒரு வரி ஆஸ்பத்திரிப் பக்கமே போகவிடாமல் செய்திருக்கிறது! சாதுவான கட்டி பரவாது. முழுதாக எடுத்துவிட்டால் திரும்ப வருவதும் அபூர்வம்.

‘சி.டி. எடுத்தாயிற்று, எம்.ஆர்.ஐ. காசு பிடுங்கத்தான்.’ தேவையில்லாத ஸ்கேன்கள் எழுதப்படுவது உண்டுதான். ஆனால் இங்கே அந்தச் சந்தேகம் ஆபத்தில் முடியலாம். சுமார் பத்தில் ஒரு கட்டி, நரம்பு வெளிவரும் துளை வழியாகத் தண்டுவடக் கால்வாய்க்குள்ளும் நுழைந்திருக்கும். உள்ளே ஒரு குமிழ், வெளியே ஒரு குமிழ், நடுவில் ஒடுங்கிய கழுத்து. டாக்டர்கள் இதை டம்பெல் கட்டி என்பார்கள். இது தெரியாமல் நெஞ்சுப் பக்கமிருந்து இழுத்தால் கால்வாய்க்குள் ரத்தம் கசிந்து, தண்டுவடம் நசுங்கி, கால்கள் செயலிழக்கலாம். எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே காட்டிக்கொடுத்தால், நரம்பியல் அறுவை நிபுணர் முதலில் முதுகுப் பக்கமிருந்து உட்பகுதியை விடுவிப்பார். பிறகு நெஞ்சு அறுவை நிபுணர் மீதியை எடுப்பார்.

‘நெஞ்சைப் பிளந்துவிடுவார்கள்.’ இப்போது பெரும்பாலும் விலா இடுக்கில் சில சிறு துளைகள், ஒரு கேமரா. மிகப் பெரிய கட்டிகளுக்குத்தான் திறந்த அறுவை.

‘துளை ஆபரேஷனில் பின்விளைவே கிடையாது.’ உண்டு. விலா நரம்பில் இருந்த கட்டி போனால் அந்த நரம்பு ஓடும் தோல்பட்டை மரத்துப்போகலாம். நெஞ்சுக்கூட்டின் உச்சியில் இருந்தால், அந்தப் பக்கத்துக் கண்ணிமை சற்றுத் தொங்கி, கண்மணி சுருங்கி, பாதி முகம் வியர்க்காமல் போகலாம். உங்கள் கட்டி எந்த நரம்பில் இருக்கிறது என்பதைக் கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘ஆபரேஷன் வேண்டாம் என்றால் கைவிட்டுவிட்டார்கள்.’ தள்ளாத வயது, பலவீனமான இதயம், தொந்தரவு தராத சின்னக் கட்டி என்றால், குறித்த இடைவெளியில் ஸ்கேன் எடுத்து வளர்கிறதா என்று கவனிப்பதும் வைத்தியம்தான்.