தகரத்தைத் திருப்பி மாட்டுகிறவர்

அன்புள்ள கயலுக்கு,

பெரியப்பா எழுதுவது. தாத்தாவின் பீட்டில் காரை நீ எடுத்து ஓட்டப் போகிறாய் என்று உன் அப்பா சொன்ன அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஊமச்சிகுளத்துத் தோட்டத்துக் கொட்டகையில் ஒன்பது வருஷமாகத் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது அது. நேற்று போனில் நீ கேட்டாய்: "மதுரையில எந்தப் பட்டறையில விடலாம் பெரியப்பா?" பெயர் சொல்ல என்னிடம் ஆள் இல்லை, கயல். முப்பது வருஷம் அந்த வண்டியைப் பார்த்த மேஸ்திரி காலமாகிவிட்டார். பழங்காநத்தத்தில் அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் எழுத முடியும்.

அதற்கு முன்னால் வண்டியை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அம்பாசிடர், ஃபியட், மாருதி எல்லாவற்றிலும் ரேடியேட்டர் உண்டு, தண்ணீர் உண்டு. இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்ஜின் பின்னால் இருக்கிறது. நாலு சிலிண்டரும் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாகப் படுத்திருக்கும். டைனமோவின் தண்டிலேயே ஒரு ஃபேன். பெல்ட் சுற்றினால் டைனமோவும் ஃபேனும் சேர்ந்து சுற்றும். ஃபேன் இழுக்கிற காற்று ஒரு தகரக் கூட்டுக்குள் இறங்கி, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் தகரங்கள் வழிகாட்ட, ஒவ்வொரு இடுக்கிலும் நுழைந்து சூட்டை வாங்கிக்கொண்டு கீழே போகும். இன்ஜினைச் சுற்றி ஓரத்தில் ஒரு தகரமும் ரப்பர் பட்டையும் இருக்கும். கீழே போன சூடான காற்று திரும்ப மேலே ஏறாமல் தடுப்பது அதன் வேலை. இந்த வண்டிக்கு ரேடியேட்டர் எது என்று யாராவது கேட்டால் அந்தத் தகரங்களைக் காட்டு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 1993. மேஸ்திரி உடம்பு சரியில்லாமல் படுத்திருந்ததால் வேறு ஒரு பட்டறையில் விட்டோம். பெயர் வேண்டாம். வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது ஒரு சாக்கை என் கையில் கொடுத்தார்கள். உள்ளே தகரங்கள். "இதெல்லாம் சும்மா மறைப்புண்ணே. கழட்டிட்டா காத்து நல்லாப் போகும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவர் ஏமாற்றவில்லை, தண்ணீர் வண்டியிலேயே கை பழகியவர், அவ்வளவுதான். மறு வாரம் சித்திரை வெயிலில் தாத்தாவை உட்கார வைத்துத் திண்டுக்கல்லுக்குக் கிளம்பினேன். வாடிப்பட்டி தாண்டியதும் காய்ந்த எண்ணெய் வாடை. இழுவை குறைந்தது. பிறகு இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மூன்றாம் சிலிண்டர் போயிருந்தது. ஆயில் கூலர் அந்தத் தகரக் கூட்டுக்குள் சரியாக மூன்றாம் சிலிண்டருக்கு மேலே நிற்பதால், நல்ல நிலையிலேயே அதற்குக் காற்று கொஞ்சம் குறைவு. 1971 மாடலில் கம்பெனியே கூலரைத் தள்ளி வைத்துவிட்டது. நம்முடையது 1966. தாத்தா புளியமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்தார். லாரி வருகிற வரைக்கும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அங்கே பிரித்துப் போட்டிருக்கும் வண்டிகளை முதலில் பார். கழற்றிய நட்டும் போல்ட்டும் டப்பாவில் பிரித்து வைத்திருக்கிறார்களா, தரையில் கொட்டிக் கிடக்கிறதா? காற்றில் குளிரும் இன்ஜினைத் தொட்டிருக்கிறாரா என்று கேள். தொட்டதில்லை என்று நேராகச் சொன்னால் அது தப்பில்லை. "எல்லா வண்டியும் ஒண்ணுதாம்மா" என்று சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வா.

மதுரையில் பீட்டில் மெக்கானிக் என்று தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். பழைய புல்லட் மெக்கானிக்கைத் தேடு. திருவொற்றியூரில் செய்த அந்தக் காலத்து புல்லட்டும் காற்றில்தான் குளிர்கிறது. பாயிண்ட் வைப்பது, கார்பரேட்டர் கழுவுவது, சத்தத்தை வைத்து டேப்பெட்டைச் சொல்வது எல்லாம் அவர்கள் கைக்குப் பழகியது. சூடு என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். அப்படி ஒருவரோடு, இன்ஜினை இறக்கி ஏற்ற இடமுள்ள ஒரு கார் பட்டறையைச் சேர்த்துவிட்டால் உன் கவலை பாதி தீர்ந்தது. இங்கே டி.வி.எஸ். பணிமனைகளில் வேலை பழகி ஓய்வு பெற்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தல்லாகுளம், பைபாஸ் ரோடு என்று பெரிய போர்டு மாட்டிய இடத்துக்கெல்லாம் போவதற்கு முன்னால் அவர்களை விசாரி.

ஆள் கிடைத்ததும் முழு வண்டியையும் ஒப்படைத்துவிடாதே. ஒரு சின்ன வேலை கொடு. டேப்பெட் இடைவெளியைப் பார்க்கச் சொல். இந்த இன்ஜினில் அது ஒரு மில்லிமீட்டரில் சின்னப் பங்குதான் இருக்கும். இன்ஜின் முழுக்க ஆறிக் கிடக்கும்போதுதான் அளக்க வேண்டும்; சூட்டில் எல்லாம் விரிந்து அளவு மாறிவிடும். நம் மேஸ்திரி சாயங்காலம் வண்டியை வாங்கி நிறுத்திக்கொள்வார். "காலையில வாங்க தம்பி, ஆறட்டும்" என்பார். விடிந்தும் விடியாமல் போனால், முதலில் உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்துப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் ஸ்பேனரை எடுப்பார். நீ ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தின சூட்டிலேயே ஒருவர் மூடியைத் திறந்தால், அவர் நமக்கு ஆகாது.

அடுத்தது ஆயில் மாற்றுவது. இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். மற்ற கார்களில் இருப்பது மாதிரி ஃபில்டர் இதில் இல்லை, அடியில் ஒரு வலைதான். ஆறு சின்ன நட்டைக் கழற்றினால் அது கையோடு வரும். நல்ல மெக்கானிக் அந்த வலையை வெள்ளைத் துணியில் தட்டி உன்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். கறுப்புக் கசடு இருந்தால் பயமில்லை. மினுக்கும் துகள் இருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது. திருப்பி மாட்டும்போது அந்த ஆறு நட்டை அவர் எப்படி முடுக்குகிறார் என்று பார். இன்ஜின் கூடு மெக்னீசியக் கலவை, மெத்தென்ற உலோகம். முழு பலத்தையும் காட்டுகிறவர் மரையைப் பிய்த்துவிடுவார். கழற்றிப் போட்ட பழைய சாமான் எதுவானாலும் கேட்டு வாங்கு. முகம் சுளிக்காமல் தருகிறாரா என்பது முக்கியம்.

"சாமான் கிடைக்காது, மாருதி இன்ஜினைப் போட்டுடலாம்" என்று உன்னிடம் சொல்ல ஆள் வரும். எனக்கே இரண்டு பேர் சொன்னார்கள். சம்மதித்துவிடாதே, மகளே. உலகத்தில் 2 கோடியே 15 லட்சம் பீட்டில் செய்திருக்கிறார்கள். கடைசி வண்டி மெக்சிகோவின் புவெப்லாவில் 2003 ஜூலையில்தான் வெளியே வந்தது. உதிரிபாகம் இன்றும் வருகிறது. கொழும்பில் இன்னமும் நிறைய ஓடுகின்றன, மதுரையிலிருந்து விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்துத் தூரம். இன்ஜினை மாற்றினால் இன்னொரு நஷ்டமும் உண்டு. 50 வயது கடந்த, இன்ஜினும் பாடியும் சேஸிஸும் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துப் போட்ட தனிப் பதிவெண் தருவதற்கு மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்தப் பதிவில் அன்றாடம் ஓட்ட முடியாது. தினமும் எடுக்க ஆசையென்றால் சாதாரண ஆர்.சி.யையே எஃப்.சி. காட்டி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள். ஒரிஜினல் ஆர்.சி.யைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதே, நகல் போதும்.

பட்டறையை நம்பினாலும் இரண்டு விஷயத்தை நீயே பார்த்துக்கொள். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாயை அது தின்றுவிடும், கசிவது சூடான இன்ஜினுக்கு மேலே. எல்லாக் குழாயையும் எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றச் சொல். வருஷத்துக்கு ஒருமுறை விரலால் வளைத்து வெடிப்புப் பார். இன்னொன்று, ஓட்டும்போது டைனமோவின் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்து. சில கார்களில் "சார்ஜ் ஏறல, வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டலாம். இதில் பெல்ட் அறுந்தால் ஃபேனும் நின்றுவிடும். மேலூர் ரோட்டில் நட்ட நடு வெயிலாக இருந்தாலும் நிறுத்திவிடு. பெல்ட் மாற்றுவதை நான் சொல்லித் தருகிறேன். புல்லியின் இரண்டு பாதிக்கு நடுவே மெல்லிய வளையங்களை எடுத்தும் சேர்த்தும்தான் இறுக்கம் வைக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அமுங்க வேண்டும்.

இன்ஜினுக்கு இடது பக்கம் அடியில் ஒரு தகரம் மட்டும் நிறம் வேறாக இருக்கும். வாடிப்பட்டியில் நின்ற வண்டியை மேஸ்திரி சரிசெய்தபோது சாக்கில் அந்த ஒரு துண்டு மட்டும் இல்லை. நல்லெண்ணெய் டின்னை வெட்டித் தட்டி, ஓரத்தை மடித்து அவரே செய்து மாட்டினார். உள்பக்கம் டின்னின் எழுத்து இன்னும் தெரியும். அதை மாற்றச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்கு வா. டயர் நாலிலும் காற்று இல்லை, ஃபுட் பம்ப் எடுத்து வா. பேட்டரி 6 வோல்ட், நான் வாங்கி வைக்கிறேன். அவசரப்பட்டு 12 வோல்ட் வாங்கிவிடாதே. சாவி பெரியம்மாவிடம் இருக்கிறது.

அன்புடன்,
பெரியப்பா