சிப்பிகாட்டில் கரி உலைக்கு மண் பூசும் முறை

அரிவாளையும் மண்வெட்டியையும் வீட்டிலேயே காய்ச்சி அடிக்க விரும்புகிறவர் முதலில் உலைச்சட்டிக்கு மண் பூச வேண்டும். தணல் நேரே பட்டால் இரும்பு நாளடைவில் அரித்து ஓட்டையாகும். தெற்கு அந்தமானில் உள்ள சிப்பிகாட்டில் உப்பும் ஈரமும் இந்தப் பூச்சைக் கெடுக்கும். 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் நிலம் தாழ்ந்தது. இங்குள்ள வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கியது. ஆகவே மண்ணை எங்கே எடுப்பது என்பதே முதல் கேள்வி.

தேவையானவை: உலைச்சட்டியாக லாரியின் பழைய பிரேக் டிரம், இரும்புக் குழாய், துருத்தி அல்லது புளோயர், களிமண், செங்கல் பொடி. டிரம்மில் ஒட்டிய தூசியில் கல்நார் இருக்கக்கூடும். ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ குழாய் வேண்டாம். சூடேறினால் துத்தநாகப் புகை வரும்.

1. மண் எடுத்தல்: கடல்நீர் ஏறாத மேட்டுச் சரிவில் தோண்டுங்கள். ஒரு பிடி மண்ணை நீரில் குழைத்துக் காயவிடுங்கள். வெள்ளை பூத்தால் அதில் உப்பு இருக்கிறது. உப்பு, களிமண்ணைச் சீக்கிரம் உருகவைக்கும், ஈரத்தையும் இழுக்கும்.

2. கலவை: ஒரு பங்கு களிமண்ணுக்கு இரண்டு பங்கு செங்கல் பொடி. கடற்கரை மணலைச் சேர்க்காதீர்கள். அதிலுள்ள பவளத்தூளும் சிப்பித்தூளும் 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் சுட்ட சுண்ணாம்பாகும். ஈரக்காற்று பட்டதும் நீறி உப்பிப் பூச்சை உதிர்க்கும். வேறு மணல் கிடைத்தால் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஒதுக்குங்கள். சிமெண்டும் கூடாது, சூட்டில் வெடித்துத் தெறிக்கும். பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கே நீர் விட்டு, ஈரச்சாக்கால் மூடி ஓர் இரவு புளிக்க விடுங்கள்.

3. பூசுதல்: குழாய்வழி காற்று நுழையும் துளையைத் துணியால் அடையுங்கள். சட்டியின் உட்புறம் களிமண் கரைசல் தடவி, கலவையை மெல்லிய அடுக்குகளாக மரக்கட்டையால் இடித்து இறுக்குங்கள். 4 செ.மீ. கனம் போதும். நடுவில் 8 முதல் 10 செ.மீ. ஆழக் குழி அமையட்டும்.

4. உலர்த்துதல்: அவசரம் ஆகாது. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான வறண்ட மாதங்களே இதற்கு ஏற்றவை. நிழலில் ஒரு வாரமாவது விடுங்கள். வெடிப்பு விழுந்தால் அதே கலவையால் அடையுங்கள். பிறகு துணியை எடுத்துவிட்டுச் சுள்ளித் தீ, மறுநாள் சற்றே பெரிய தீ எனச் சூட்டை ஏற்றுங்கள். உள்ளே தங்கிய நீர் திடீரென ஆவியானால் பூச்சு பெயர்ந்துவிடும்.

5. முதல் கரி: நெல்லிக்காய் அளவுக்கு உடைத்த நிலக்கரி நல்லது. அது கிடைக்காதபோது தீவில் தாராளமாக உள்ள கொட்டாங்கச்சியைக் கரியாக்கிப் பயன்படுத்தலாம். சாம்பல் குறைவு, பொறி அதிகம், காற்றை மெதுவாக விடுங்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். நாற்புறமும் திறந்த கொட்டகையில்தான் வேலை.

பராமரிப்பு: வேலை முடிந்து ஆறியதும் கிட்டத்தையும் சாம்பலையும் அள்ளிவிடுங்கள், ஈரச் சாம்பல் இரும்பை அரிக்கும். மழைக்காலம் முழுவதும் தகரத்தால் மூடுங்கள். மீண்டும் பற்றவைக்கும் முதல் நாளில் சுள்ளித் தீயிலிருந்தே தொடங்குங்கள்.