கலங்கலை நிறுத்துப் பார்த்தபோது

ஆறு கலங்கி வந்தால் காரைக்காலில் மேட்டூர் தண்ணீர் வந்துவிட்டது என்பார்கள். ஆனால் அந்தக் கலங்கலில் மேட்டூர் மண் கொஞ்சம்தான். மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதியை 1934-இல் கட்டி முடித்த அணையே பிடித்து வைத்துக்கொள்கிறது. கடைமடைக்கு வருவதில் வழியிலுள்ள வயல் மண்ணும் புதிதாகத் தூர்வாரிய கரைமண்ணுமே அதிகம். அதை அளக்க ஒரு பருவம் முழுக்க நந்தலாறு, நூலாறு, வாஞ்சியாறு, அரசலாறு என்று பாட்டில் பெட்டியோடு வண்டியில் அலைந்தேன்.

முதல் மாதம் வீண். கரையில் குனிந்து மொண்டேன். காலடியில் கிளம்பிய சேறும் பாட்டிலுக்குள் போயிற்று. பாலத்தின் நடுவிலிருந்து எடைகட்டிய பாட்டிலைக் கயிற்றில் இறக்குங்கள். மேலிருந்து அடிவரை ஒரே வேகம், ஏற்றும்போதும் அதே வேகம். மணல் தரையை ஒட்டி ஓடும், களி எல்லா ஆழத்திலும் பரவியிருக்கும். பாட்டில் வழிய நிரம்பிவிட்டால் யோசிக்காமல் கொட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

மதகு ஷட்டர் திறந்த முதல் சில மணி நேரம்தான் முக்கியம். காய்ந்த ஆற்றில் கிடந்ததையெல்லாம் வாரிக்கொண்டு வரும் தண்ணீர் அது. மறுநாள் அதே மட்டத்தில் நிற்கும் தண்ணீரில் பாதி மண்கூட இருக்காது. ஆகவே வாரத்துக்கு ஒருநாள் என்று அட்டவணை போடாதீர்கள். ஷட்டர்காரரின் போன் நம்பர் வைத்துக்கொள்ளுங்கள்.

லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பது பாதிக் கணக்கு. நீரோட்ட அளவால் பெருக்கினால்தான் ஒரு நாளில் எத்தனை டன் போனது என்று தெரியும். நந்தலாற்றுக்கு நல்லத்தூர், வாஞ்சியாற்றுக்குப் பேரளம் என்று மத்திய நீர் ஆணையத்துக்கு அளவு நிலையங்கள் உண்டு. காவிரி நீரில் காரைக்காலுக்குரிய 7 டி.எம்.சி. பங்கைப் பற்றிப் பேசும்போது அடிபடும் பெயர்கள்தான். அவற்றுக்குப் பக்கத்தில் மாதிரி எடுத்தால் நீரோட்டத்தைத் தனியே அளக்கும் வேலை மிச்சம்.

கலங்கல்மானி வசதிதான். ஆனால் பாசி படிந்த பச்சைத் தண்ணீரையும் அது மண் என்றே சொல்லும். ஒவ்வோர் ஆற்றுக்கும் வடிகட்டி நிறுத்துப் பார்த்து ஒப்பிடாமல் அதை நம்பாதீர்கள். வடிதாளை 105 டிகிரியில் உலர்த்தி, ஈரம் புகாத ஜாடியில் ஆறவைத்து, உடனே நிறுங்கள். ஐப்பசிக் காற்றில் தாள் தராசிலேயே எடை கூடும். மண்ணில்லாத வெறுந்தாள் ஒன்றையும் கூடவே நிறுத்து வந்தால் இது பிடிபடும்.

என்னை அதிகம் ஏமாற்றியது அரசலாற்று முகத்துவாரம். கண்ணுக்குத் தெளிந்த தண்ணீர். தாளிலோ கனத்த எடை. உப்பு! கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம். தாளில் அரை மில்லி ஒட்டியிருந்தாலே 17 மில்லிகிராம் கூடிவிடும். காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசிய பிறகுதான் கணக்கு நேரானது. உப்பு பட்டால் களி திரண்டு சீக்கிரம் அடியில் தங்கிவிடும். பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் பாதியை ஊற்றி அளந்தால் அதுவும் பொய்.

ஒருநாள் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் கேட்டார்: “என்ன தம்பி மொள்றீங்க? இது ஆத்துத் தண்ணி இல்ல, கடல் ஏறி வருது.”

“அண்ணே, எப்ப வத்தும்?”

“சாயந்திரம் வாங்க.”

அன்று காலை எடுத்த ஆறு பாட்டில்களையும் அங்கேயே கொட்டினேன். இப்போது பாட்டிலில் ஒட்டும் சீட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் ஏத்தமா வத்தமா என்றும் எழுதுகிறேன். பென்சிலால்தான், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடுகிறது.