முளைக்காத பல் எங்கே போனது?

இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. வேட்டைப்பல் இருக்கவேண்டிய இடத்தில் சின்னதாய், வெள்ளையாய் ஒரு பல். "அவளுக்கு அந்தப் பல் பிறவியிலயே இல்லை" என்பார் அம்மா. புதுக்குடியிருப்பில் மட்டுமல்ல, எங்கும் கேட்கிற கதைதான். அந்தச் சின்னது விழாத பால்பல்; உரிய பல் பெரும்பாலும் மேலே எலும்புக்குள் சரிந்து கிடக்கும். ஞானப்பல்லுக்கு அடுத்தபடி அதிகம் புதைவது மேல் வேட்டைப்பல்தான், ஏறத்தாழ 100 பேரில் 2 பேருக்கு.

பத்து வயதில் முரசை விரலால் தடவினாலே அந்தப் பல்லின் மேடு தட்டுப்படும். தட்டுப்படாவிட்டால் அப்போதே தேடவேண்டும். போர் நடந்த 2009இல் பத்து வயதாயிருந்த எங்கள் பிள்ளைகளின் வாயை அன்று யார் தடவிப் பார்த்தார்கள்?

"ஒரு எக்ஸ்றே போதும்" என்பார்கள். எத்தனை பல் புதைந்திருக்கிறது என்பதற்கு இரண்டு தாடையையும் காட்டும் பெரிய படம் போதும். பல் அண்ணப் பக்கமா, உதட்டுப் பக்கமா என்பதற்குக் கோணம் மாற்றி இன்னொரு படம் வேண்டும். பரந்தன் வீதியில் பஸ்ஸில் போகும்போது கிட்டவுள்ள பனை பின்னால் ஓடும், தூரத்துப் பனை கூடவே வரும் அல்லவா? அதே கணக்குத்தான். எக்ஸ்றேக் குழாய் நகர்ந்த பக்கமே பல்லும் நகர்ந்தால் அது அண்ணப் பக்கம்.

பல பற்கள் புதைந்திருந்தால், "இரண்டு தோளையும் முன்னால் கொண்டுவந்து முட்டுங்கோ" என்று வைத்தியர் கேட்கலாம். பகிடி இல்லை. காறை எலும்பு வளராத ஒரு பரம்பரைக் குறைபாட்டில் தோள்கள் முட்டும், பால்பற்கள் விழாது, மேலதிகப் பற்களும் உள்ளே நெருக்கும். பல பற்கள் புதையும் வேறொரு பரம்பரை நோயில் பெருங்குடலையும் சோதிக்கவேண்டும்.

"மேற்பல் கழட்டினால் கண் போகும்." போகாது, பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பயப்படவேண்டியது கீழ் ஞானப்பல்லில்தான். அதன் வேரருகே ஓடும் நரம்பு நொந்தால் உதடு மரத்துப்போகும்; பெரும்பாலும் நாளடைவில் மாறும்.

"புதைந்ததெல்லாம் கழட்டவேணும்." நோவோ நோயோ தராத ஞானப்பல்லை விட்டுவிடலாம் என்று பிரித்தானிய வழிகாட்டல் 2000இலேயே சொல்லிவிட்டது. ஆனால் இடையிடையே படமெடுத்துப் பார்க்கவேண்டும். சுற்றி நீர்க்கட்டி வளரலாம். வேட்டைப்பல்லோ காப்பாற்றத்தக்கது: முரசைத் திறந்து, பல்லில் சின்னச் சங்கிலி ஒட்டி, கம்பியால் மெதுவாய் இறக்குவார்கள். வயது ஏற ஏறப் பல் எலும்போடு ஒட்டி, அசைய மறுக்கலாம். கம்பி போட்டால் ஒரு வருசத்துக்கு மேல் மாதாமாதம் கிளினிக் போகவேண்டியிருக்கும். பஸ் காசையும் லீவையும் கணக்குப் பார்த்தே தொடங்குங்கள்.